முதல் விமானப் பயணம், அதுவும் தனியாக: என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

முதல் தடவை விமானத்தில் போகிறீர்கள், துணைக்கு யாரும் இல்லை, வழியில் ஓர் ஊரில் விமானம் மாற வேண்டும். எங்காவது எதையாவது கோட்டை விட்டுவிடுவேனோ என்பது ஒரு கவலை, மேலே போனதும் பயந்துவிடுவேனோ என்பது இன்னொன்று. இரண்டையும் சேர்த்தே கேட்டிருக்கிறீர்கள். முதல் கவலையில் முக்கால்வாசி வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே தீர்ந்துவிடக்கூடியது. விமான நிலையத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறவர்களிடம் விசாரித்தால், பிரச்சினை பெரும்பாலும் பல நாள் முன்பு டிக்கெட்டைச் சரியாகப் படிக்காததில்தான் போய் நிற்கும். அதனால் டிக்கெட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் பெயர். டிக்கெட்டில் இருக்கும் பெயரும் நீங்கள் காட்டப்போகிற அடையாள அட்டையில் அல்லது பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் பெயர் முழுசாக விரித்து எழுதியிருக்க, டிக்கெட்டில் முதலெழுத்து மட்டும் இருந்தால் கவுன்ட்டரில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. ஓரிரு எழுத்துப் பிழை என்றால் முன்கூட்டியே சொன்னால் பெரும்பாலான விமான நிறுவனங்கள் திருத்திக் கொடுத்துவிடும். அதையே புறப்படுகிற அன்று, பின்னால் வரிசை நிற்கும்போது சொன்னால் எல்லாமே சிக்கல். டிக்கெட் கைக்கு வந்த அன்றே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுவிடுங்கள்.

அடுத்தது தேதி. இதில் நன்றாகப் படித்தவர்களும் ஏமாந்துபோகிறார்கள். டிக்கெட்டில் 15ஆம் தேதி 00.40 என்று போட்டிருந்தால், அந்த விமானம் 14ஆம் தேதி ராத்திரி தூங்கப் போகிற நேரம் தாண்டியதும் கிளம்பிவிடும். நீங்கள் 14ஆம் தேதி மாலையே விமான நிலையத்துக்குக் கிளம்ப வேண்டும். 15ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்றால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். நள்ளிரவிலிருந்து விடியற்காலை வரைக்குமான நேரம் டிக்கெட்டில் தெரிந்தால், காலண்டரில் அதற்கு முந்தைய நாளில் "இன்று இரவு கிளம்ப வேண்டும்" என்று எழுதிவையுங்கள். டிக்கெட்டில் உள்ள ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம் என்பதையும் நினைவில் வையுங்கள். வந்துசேரும் நேரத்துக்குப் பக்கத்தில் +1 என்று இருந்தால் மறுநாள் போய்ச் சேருகிறீர்கள் என்று பொருள்.

பிறகு விமான நிலையத்தின் பெயர். ஒரே ஊருக்கு இரண்டு மூன்று விமான நிலையங்கள் இருக்கலாம். லண்டனில் ஹீத்ரோ, கேட்விக் என்று பல உண்டு. டோக்கியோவுக்கு ஹனேடா, நரிட்டா. ஊர்ப் பெயரை மட்டும் பார்த்து வண்டி பிடிக்காதீர்கள். விமான நிலையத்தின் எந்தக் கட்டடம் என்று காட்டும் டெர்மினல் எண்ணையும் பாருங்கள். சில இடங்களில் ஒரு டெர்மினலிலிருந்து இன்னொன்றுக்குப் போகவே அரை மணி நேரம் பிடிக்கும்.

விமானம் மாறுவதைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் கவலைப்படுகிறீர்கள் என்று தோன்றுகிறது. அதில் ஒரே ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால் போதும்: இரண்டு விமானங்களும் ஒரே முன்பதிவில் இருக்கின்றனவா, தனித்தனியாக வாங்கியதா? இரண்டுக்கும் பி.என்.ஆர். என்கிற முன்பதிவு எண் ஒன்றாகவே இருந்து, ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது பொதுவாக நிறுவனத்தின் வேலை. பெட்டியும் பெரும்பாலும் கடைசி ஊர்வரை நேராகப் போய்விடும். இரண்டையும் தனித்தனியாக வாங்கியிருந்தால், முதல் விமானம் எவ்வளவு தாமதமானாலும் இரண்டாவது நிறுவனம் அதைப் பற்றிக் கவலைப்படாது. பெட்டியை நீங்களே எடுத்து, மறுபடி செக்-இன் செய்து, அதாவது பயணத்தைப் பதிவு செய்து பெட்டியை ஒப்படைத்து, மறுபடி பாதுகாப்புச் சோதனை கடந்து போக வேண்டும். வெளிநாடாக இருந்தால் பெட்டியை எடுப்பதற்காக அந்த நாட்டுக்குள்ளேயே நுழைய வேண்டி வரும். அதற்கு விசா தேவைப்படலாம். முதல் பயணம், தனியாக என்றால், கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள் என்றுதான் சொல்வேன். நடுவில் குறைந்தது இரண்டரை, மூன்று மணி நேரம் இருக்கிற மாதிரி பாருங்கள். ஒரு மணி நேர இடைவெளி காகிதத்தில் சாத்தியம்தான். ஆனால் புது இடத்தில் பலகைகளைப் படித்துக்கொண்டு நடக்கிற உங்களுக்கு அது போதாது.

வெளிநாடு என்றால் இன்னும் இரண்டு விஷயம். பல நாடுகளில், நீங்கள் போய்ச் சேரும் நாளிலிருந்து ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும் என்று விதி இருக்கிறது. நடுவில் இறங்கும் நாட்டுக்கும் டிரான்சிட் விசா வேண்டுமா என்று அந்த நாட்டின் அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்துவிடுங்கள். தெரிந்தவர் சொன்னார் என்று நம்பிப் போகாதீர்கள். அவருடைய பாஸ்போர்ட்டும் உங்களுடையதும் வேறு வேறு நாட்டினுடையதாக இருந்தால் விதியும் வேறாக இருக்கும்.

சரி, பெட்டிக்கு வருவோம். எத்தனை கிலோ, எத்தனை பெட்டி என்பது டிக்கெட்டிலேயே இருக்கும். மலிவான டிக்கெட் சிலவற்றில் கைப்பை மட்டும்தான் சேர்த்தி. வீட்டிலேயே எடை போட்டுப் பார்த்து, ஒன்றிரண்டு கிலோ குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகிறவருக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. உங்கள் சாமான் எல்லாவற்றையும் நீங்கள் ஒருவரே தூக்கிக்கொண்டு படியேற முடிய வேண்டும், கழிப்பறைக்குள் கொண்டுபோக முடிய வேண்டும். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. கேட்பாரற்றுக் கிடக்கும் பை விமான நிலையத்தில் பாதுகாப்புப் பிரச்சினையாகிவிடும். ஒரு பெட்டி, தோளில் ஒரு பை, அதற்கு மேல் வேண்டாம்.

கைப்பையில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட் அல்லது அடையாள அட்டை, மருந்துகளும் அவற்றின் சீட்டும், போன், சார்ஜர், ஒரு மாற்றுடை, பணம், கண்ணாடி. பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் சமாளிக்க இவை போதும். பவர் பேங்க் கட்டாயம் கைப்பையில்தான் இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரி சூடாகித் தீப்பிடித்தால் பயணிகள் பகுதியில் ஆட்கள் உடனே அணைக்க முடியும், சரக்கு அறையில் முடியாது. பொதுவான வரம்பு 100 வாட்-மணி. 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்று போட்டிருக்கும் பவர் பேங்கை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட்-மணி வரும், அது பரவாயில்லை. திறன் என்னவென்று அதன் மேலேயே அச்சாகியிருக்க வேண்டும். எழுத்து அழிந்துபோனதைக் கொண்டுபோனால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். பறக்கும்போது அதைப் பயன்படுத்தவே கூடாது என்று சில நிறுவனங்கள் இப்போது சொல்கின்றன, அதனால் போனை முழு சார்ஜோடு கொண்டுபோங்கள்.

கைப்பையில் கொண்டுபோகும் திரவங்களுக்கு 100 மில்லி வரம்பு. 2006 ஆகஸ்டில், லண்டனிலிருந்து அட்லாண்டிக் கடந்து போகும் விமானங்களைத் திரவ வெடிமருந்தால் தகர்க்கும் சதி பிடிபட்ட பிறகு வந்த விதி இது. பாட்டில் 100 மில்லிக்குள் இருக்க வேண்டும். 200 மில்லி பாட்டிலில் கொஞ்சம்தான் மிச்சம் என்றாலும் அனுமதிக்க மாட்டார்கள். பற்பசை, ஜெல், கிரீம் எல்லாம் திரவக் கணக்கில்தான் வரும். புதிய ஸ்கேனர் வந்த சில விமான நிலையங்களில் இதைத் தளர்த்தியிருக்கிறார்கள். ஆனால் நீங்கள் மாறப்போகிற ஊரில் பழைய விதியே இருக்கலாம். எனவே 100 மில்லி என்றே வைத்துக்கொண்டு போங்கள். காலித் தண்ணீர் பாட்டில் கொண்டுபோகத் தடை இல்லை, சோதனை முடிந்து உள்ளே நிரப்பிக்கொள்ளலாம்.

ஆன்லைன் செக்-இன் பெரும்பாலும் 48 அல்லது 24 மணி நேரம் முன்பு திறக்கும். திறந்ததுமே செய்துவிடுங்கள், உட்காரும் இடத்தையும் தேர்ந்தெடுக்கலாம். விமானம் ஏறக் காட்ட வேண்டிய போர்டிங் பாஸைப் போனில் படமாகச் சேமியுங்கள், ஒரு தாளிலும் எடுத்துக்கொள்ளுங்கள். நெட் கிடைக்காத இடத்தில் செயலி சுற்றிக்கொண்டே இருக்கும். தாள் இருந்தால் அந்தப் பதற்றம் இல்லை.

விமான நிலையத்துக்கு உள்நாட்டுப் பயணம் என்றால் இரண்டு மணி நேரம், வெளிநாடு என்றால் மூன்று மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். உள்ளே போனதும் வரிசைக்கிரமம் பெரும்பாலும் இப்படித்தான், ஊருக்கு ஊர் கொஞ்சம் முன்பின்னாக இருக்கலாம்: பெட்டியைக் கவுன்ட்டரில் கொடுப்பது, வெளிநாடானால் பாஸ்போர்ட்டைச் சரிபார்க்கும் இமிக்ரேஷன், பாதுகாப்புச் சோதனை, விமானம் ஏறும் வாசலான கேட், விமானம். பெட்டியைக் கொடுக்கும்போது அதில் ஒட்டுகிற பட்டையைப் பாருங்கள். மூன்றெழுத்தில் ஊர்க் குறியீடு இருக்கும். அது நீங்கள் கடைசியாகப் போய்ச் சேரும் ஊருடையதா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். நடுவில் பெட்டியை எடுக்க வேண்டுமா, வேண்டாமா என்ற உங்கள் சந்தேகம் அந்த ஒரு கேள்வியில் தீர்ந்துவிடும். ஆனால் ஒரு விஷயம்: சில நாடுகளில், முதலில் இறங்கும் இடத்திலேயே பெட்டியை எடுத்து சுங்கத்தில் காட்டிவிட்டு மறுபடி கொடுக்க வேண்டும் என்ற விதி உண்டு. அமெரிக்காவில் பெரும்பாலும் அப்படித்தான். அதனால் பட்டையைப் பார்ப்பதோடு நிற்காமல் வாய்விட்டும் கேளுங்கள். அவர்கள் தரும் சிறிய ரசீதுத் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள், பெட்டி வராவிட்டால் அதுதான் ஆதாரம்.

பாதுகாப்புச் சோதனையில் புதியவர்கள் தடுமாறுவது சாமான் வைக்கும் தட்டு முன்னால் வந்த பிறகு பையைக் கிளற ஆரம்பிப்பதால்தான். வரிசையில் நிற்கும்போதே பெல்ட், கைக்கடிகாரம், சட்டைப் பையில் இருக்கும் சில்லறை, சாவி எல்லாவற்றையும் கழற்றிக் கைப்பையின் ஒரே அறையில் போட்டு ஜிப்பை மூடிவிடுங்கள். லேப்டாப்பும் திரவங்கள் வைத்திருக்கும் சிறு பையும் மேலாக, ஒரே இழுப்பில் வருகிற மாதிரி இருக்கட்டும். சில இடங்களில் எடுக்கவே சொல்ல மாட்டார்கள், முன்னால் போகிறவர் செய்வதைப் பாருங்கள். அந்தப் பக்கம் தட்டு வந்ததும் நின்ற இடத்திலேயே பெல்ட் போடாமல், எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு நாற்காலி இருக்கும் பக்கம் போய் உட்கார்ந்து நிதானமாக அடுக்குங்கள். கிளம்பும் முன் பாஸ்போர்ட், போன், பர்ஸ் மூன்றையும் தொட்டுப் பாருங்கள். தட்டில் எதையாவது விட்டுவிட்டுப் போகிறவர்கள் தினமும் இருக்கிறார்கள்.

அப்புறம் கேட். போர்டிங் பாஸில் போட்டிருக்கும் கேட் மாறலாம். பலகையை அரை மணிக்கு ஒரு தடவையாவது பாருங்கள், அறிவிப்பை மட்டும் நம்பாதீர்கள். பல விமான நிலையங்களில் ஒலிபெருக்கி அறிவிப்பையே குறைத்துவிட்டார்கள். நீங்கள் மனதில் பதிய வைக்க வேண்டிய நேரம் விமானம் புறப்படும் நேரம் அல்ல, கேட் மூடும் நேரம். நிறுவனத்தைப் பொறுத்து அது புறப்பாட்டுக்கு 15 முதல் 25 நிமிடம் முன்பே வந்துவிடும். பெட்டி கொடுக்கும் கவுன்ட்டர் அதற்கும் முன்னால், 45 முதல் 60 நிமிடம் இருக்கும்போதே மூடிவிடும். முதலில் கேட் எங்கே என்று கண்டுபிடியுங்கள், சாப்பாடு, கடை எல்லாம் அதற்குப் பிறகு. புரியாததை உடனே கேளுங்கள். சீருடையில் இருக்கிற யாரிடமும் "முதல் தடவை போகிறேன்" என்று சொல்லத் தயங்க வேண்டாம். அதைச் சொன்னதும் கூடவே நடந்து வந்து வழி காட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். யாராவது தெரியாதவர் "இந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துப் போகிறீர்களா" என்று கேட்டால் மட்டும், எவ்வளவு பாவமாக இருந்தாலும், முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

இனி இரண்டாவது கவலை. விமானத்தில் பயம் வருவது பெரும்பாலும் ஒரு சத்தமோ அசைவோ எதனால் என்று தெரியாதபோதுதான். அதனால் என்னென்ன கேட்கும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

கதவு மூடியதும் சில விமானங்களில், குறிப்பாக ஏர்பஸ் ஏ320 வகையில், காலுக்கடியில் ரம்பம் அறுப்பது போலவோ நாய் குரைப்பது போலவோ விட்டு விட்டு ஒரு சத்தம் வரும். ஹைட்ராலிக் அழுத்தத்தைச் சமன் செய்யும் கருவியின் சத்தம் அது. ஓடுபாதையில் என்ஜின் முழு வேகம் எடுக்கும்போது முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும், மேலே உள்ள பெட்டிகள் கடகடவென்று ஆடும். அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடக் குறைய ஓடி, மணிக்கு சுமார் 250 கிலோமீட்டர் வேகத்தில் மூக்கு தூக்கும். சில விநாடியில் அடியிலிருந்து தடால் என்று ஒரு சத்தம்: சக்கரங்கள் உள்ளே போய்க் கதவு மூடுகிறது. அதற்கடுத்து வருவதுதான் புதியவர்களைக் கலங்க வைக்கிறது. தரையிலிருந்து ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு அடி போனதும் என்ஜின் சத்தம் சட்டென்று குறையும். ஏறுவதன் சாய்வும் குறைவதால் வயிற்றுக்குள் கீழே விழுகிற மாதிரி ஓர் உணர்வு வரும். என்ஜின் நின்றுவிட்டதோ என்று தோன்றும். அது விமானிகள் ஒவ்வொரு தடவையும் செய்கிற வழக்கமான காரியம். கிளம்புவதற்குத் தேவையான உச்ச விசை இனி வேண்டாம் என்று ஏறுவதற்கான விசைக்குக் குறைக்கிறார்கள். விமானம் அப்போதும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டு போனாலே முதல் ஐந்து நிமிடம் பாதி லேசாகிவிடும்.

நடுவானில் குலுங்கினால் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். குலுக்கலில் காயம்படுகிறவர்களில் பெரும்பாலோர் பெல்ட் போடாதவர்கள். பெல்ட் போடச் சொல்லும் விளக்கு அணைந்திருந்தாலும் சீட்டில் இருக்கும் வரை தளர்வாகப் போட்டபடியே இருங்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் இறக்கை மேலும் கீழும் ஆடுவது தெரியும். வளையும்படியே அதைச் செய்திருக்கிறார்கள். பயன்பாட்டில் வரக்கூடிய அதிகபட்சச் சுமையைப் போல் ஒன்றரை மடங்கைத் தாங்கும் என்று நிரூபித்த பிறகுதான் ஒரு விமான வகைக்குச் சான்றிதழே கிடைக்கும். ஆட்டம் குறைவாக இருக்க வேண்டுமானால் இறக்கைக்கு நேராக உள்ள வரிசைகளில் சீட் எடுங்கள், கடைசி வரிசைகள்தான் அதிகம் ஆடும். வெளியே பார்த்தால் மனசு நிலைப்படும் என்றால் ஜன்னல் ஓரம், அடைபட்டது போலத் தோன்றினால் நடைபாதை ஓரம். நீண்ட பயணத்தில் நடைபாதை ஓரம்தான் நல்லது, யாரையும் எழுப்பாமல் அவ்வப்போது எழுந்து நடக்கலாம். பயமாக இருந்தால் ஏறும்போதே பணியாளரிடம் சொல்லிவிடுங்கள், வந்து வந்து பார்த்துக்கொள்வார்கள்.

உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போன்றது. ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. தொண்டை வறளும், தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். காது அடைப்பது ஏறும்போதைவிட இறங்கும்போது அதிகம். நடுச்செவியையும் மூக்கின் பின்பக்கத்தையும் இணைக்கும் மெல்லிய குழாய் வழியாகக் காற்று வெளியேறுவது சுலபம், உள்ளே திரும்புவதுதான் கஷ்டம். எச்சில் விழுங்குவது, கொட்டாவி விடுவது, மிட்டாய் சப்புவது எல்லாம் அந்தக் குழாயைத் திறக்கும். தரையிறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பு இறங்க ஆரம்பிக்கும்போது விழித்திருங்கள். தூங்கினால் விழுங்குவது குறைந்து வலி வந்துவிடும். கடுமையான சளி இருந்தால் பயணத்துக்கு முன் டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது.

தரையைத் தொட்டதும் பெரிய இரைச்சல் கேட்கும். என்ஜின் காற்றை முன்பக்கமாகத் திருப்பி வேகத்தைக் குறைக்கிற சத்தம் அது. தொடுவதற்குக் கொஞ்சம் முன்பு திடீரென்று மறுபடி மேலே எழும்பினாலும் பதறாதீர்கள். ஓடுபாதையில் இன்னொரு விமானம் விலகாமல் இருக்கலாம், காற்று மாறியிருக்கலாம். ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்குவது விமானிகள் திரும்பத் திரும்பப் பயிற்சி எடுக்கிற விஷயம்.

மாறும் ஊரில் இறங்கியதும் கூட்டத்தோடு வெளியேறும் வழிக்குப் போய்விடாதீர்கள். ஒரே டிக்கெட், பெட்டியும் நேராகப் போகிறது என்றால் "டிரான்ஸ்ஃபர்" அல்லது "கனெக்ஷன்" என்ற பலகையைப் பின்தொடருங்கள். மறுபடி பாதுகாப்புச் சோதனை இருக்கலாம். முதல் ஊரில் உள்ளே வாங்கிய தண்ணீரை அதற்கு முன் குடித்து முடித்துவிடுங்கள். முதல் விமானம் தாமதமானால், இறங்குவதற்கு முன்பே பணியாளரிடம் அடுத்த விமானத்தின் எண்ணைக் காட்டுங்கள்.

கடைசி ஊரில் இமிக்ரேஷன் அதிகாரி கேட்பது எளிய கேள்விகள்: எதற்கு வந்தீர்கள், எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள். தங்குமிட முகவரியும் திரும்பும் டிக்கெட்டும் தாளில் இருக்கட்டும். கேட்டதற்கு மட்டும் சுருக்கமாக, உண்மையாகச் சொல்லுங்கள். பெட்டி வராவிட்டால் அந்தக் கூடத்தை விட்டு வெளியேறும் முன்பே லக்கேஜ் கவுன்ட்டரில் புகார் எழுதி, அதன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும் வெளிநாட்டுப் பயணங்களில், பெட்டி உடைந்திருந்தால் கைக்கு வந்த 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்திருந்தால் வந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள்ளும் எழுத்துமூலம் புகார் கொடுக்க வேண்டும்.

வெளியே வந்ததும் வண்டி வேண்டுமா என்று தேடி வந்து கேட்பவரோடு போகாதீர்கள். விமான நிலையத்தின் அதிகாரபூர்வ டாக்சி வரிசை, ரயில், அல்லது செயலியில் பதிவு செய்த வண்டி, இவற்றில் எது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு வாருங்கள். அந்த ஊர் வரைபடத்தையும் நெட் இல்லாமல் திறக்கிற மாதிரி போனில் இறக்கி வையுங்கள். ஏறி உட்கார்ந்ததும் வண்டி எண்ணைப் படம் எடுத்து, உங்கள் பயண விவரம் முழுவதும் வைத்திருக்கும் வீட்டு ஆள் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள்.